அங்கத்தினர் பதிவேடும் நீதிமன்றத் தீர்ப்புகளும்

நீதிமன்றம் என்பது சொத்துத் தகராறு உடையவருக்கு உரிய இடம் என்றே நம் அங்கத்தினர்களில் பெரும்பாலோர் எண்ணுகின்றனர். தறியில் அமர்ந்து நாடா ஓட்டுபவருக்கும், வயலில் இறங்கி ஏர் பூட்டுபவருக்கும் டில்லியில் அளிக்கப்படும் தீர்ப்பினால் ஆவது என்ன என்று கேட்பவர்களும் உண்டு. ஆயினும் கடந்த சில ஆண்டுகளில் உச்ச நீதிமன்றமும் சென்னை உயர் நீதிமன்றமும் அளித்துள்ள தீர்ப்புகளிற் சில, நம் சங்கத்தின் பணப்பெட்டி வரையில் வந்து நிற்கின்றன. சில அப்பெட்டிக்குக் காவலாக அமைந்துள்ளன. வேறு சில, கவனக் குறைவான சங்கங்களின் பெட்டியைக் காலி செய்யவும் வல்லவை. ஆகவே இவற்றின் சாரத்தை அங்கத்தினர்கள் அனைவரும் அறிந்திருத்தல் நலம்.

இத்தீர்ப்புகளை ஒருசேர வைத்துப் படித்தால் ஓர் உண்மை புலப்படுகிறது. சங்கத்தின் பெயர்ப்பலகையில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதை நீதிபதிகள் பெரிதாகக் கொள்வதில்லை. சங்கத்தில் அங்கத்தினர் யார்? பணம் யாரிடமிருந்து வந்தது, யாருக்குச் சென்றது? நெய்த கை யாருடையது, விளைந்த நிலம் யாருடையது? இவையே அவர்கள் எழுப்பும் கேள்விகள். இவற்றுக்கு விடை கூறக்கூடிய சாட்சி சங்கத்தின் ஏடுகளைத் தவிர வேறில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். கூட்டுறவுச் சங்கத்திலோ, ஏட்டில் ஏறாத எதுவும் வழக்கு என்று வந்துவிட்டால் உதவாது.

நம்மை ஆளும் சட்டம் எது?

முதற்கண் அடிப்படையான ஒரு வழக்கைப் பார்ப்போம். கூட்டுறவு, 1919-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின்போது மாகாணங்களின் பொறுப்பில் விடப்பட்டது. நம் அரசியல் சட்டத்திலும் அது மாநிலப் பட்டியலில் 32-ஆம் இனமாக உள்ளது. அந்த அதிகாரத்தைக் கொண்டே 1932, 1961, 1983 ஆகிய ஆண்டுகளில் நம் சட்டமன்றம் கூட்டுறவுச் சட்டங்களை இயற்றியது. இவற்றுள் கடைசியானதே இன்று நம்மை ஆள்கிறது.

இந்நிலையில் பாராளுமன்றம் 97-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றியது. அது 2012 பிப்ரவரி 15 அன்று நடைமுறைக்கு வந்தது. கூட்டுறவுச் சங்கம் அமைக்கும் உரிமை, சங்கம் அமைக்கும் அடிப்படை உரிமையோடு சேர்க்கப்பட்டது. அத்துடன் 'ஒன்பது-பி' என்ற புதிய பகுதியும் அரசியல் சட்டத்தில் ஏறிற்று. நிர்வாகக் குழுவில் 21 பேருக்கு மேல் இருத்தலாகாது, பதவிக் காலம் ஐந்தாண்டு, ஆதிதிராவிடர் அல்லது பழங்குடியினருக்கு ஓர் இடம், பெண்களுக்கு இரண்டு இடங்கள் என்பன போன்ற விதிகள் அப்பகுதியில் அடங்கியிருந்தன.

விதிகள் நல்லவையே. ஆனால் மாநிலங்களுக்கு உரிய விஷயத்தில் அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டுமானால், மாநிலச் சட்டமன்றங்களில் பாதிக்குக் குறையாதவை அதற்கு இசைவளிக்க வேண்டும். அந்த இசைவு பெறப்படவில்லை. இதைக் காட்டி 2013-இல் குஜராத் உயர் நீதிமன்றம் அப்பகுதி செல்லாது என்று தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் 2021 ஜூலை 20 அன்று இருவருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில் அத்தீர்ப்பை ஒரு வரையறையோடு ஏற்றது. ஒரே மாநிலத்துக்குள் இயங்கும் சங்கங்களைப் பொறுத்த வரை அப்பகுதி செல்லாது. பல மாநிலங்களில் இயங்கும் சங்கங்களுக்கு அது செல்லும். மூன்றாம் நீதிபதி, பகுதி முழுவதுமே நிற்காது என்று கருதினார். சங்கம் அமைக்கும் அடிப்படை உரிமை மட்டும் எவ்வித மாறுதலுமின்றி நிலைத்திருக்கிறது.

இதனால் நமக்கு விளைவது யாது? நம் சங்கத்தின் தேர்தல், நிர்வாகம், தணிக்கை ஆகியவற்றில் ஐயம் எழுமானால் நாம் நாட வேண்டியவை 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டமும், 1988-ஆம் ஆண்டு விதிகளும், நம் துணை விதிகளுமே. துணை விதிப் புத்தகத்தை ஒருமுறையேனும் படித்திராத நிர்வாகக் குழுவினரை நாம் ஆய்வுக்குச் செல்லும் இடங்களில் காண்கிறோம். இனி அவ்வாறு இருத்தல் தகாது.

வரி வந்த கதை

அடுத்து, பணத்தைப் பற்றிய வழக்குகள். இவற்றைச் சற்று விரிவாகவே கூற வேண்டியிருக்கிறது.

1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80-பி பிரிவு, கூட்டுறவுச் சங்கங்களின் குறிப்பிட்ட சில வருமானங்களை வரியினின்றும் முழுவதுமாகக் கழித்தது. அங்கத்தினர்களுக்குக் கடன் வழங்குதல், குடிசைத் தொழில் நடத்துதல், அங்கத்தினர் விளைவித்த பொருளை விற்றுக் கொடுத்தல் ஆகியவை அவற்றுள் அடங்கும். 2026 ஏப்ரல் 1 முதல் தொடங்கும் வரி ஆண்டுகளுக்கு 2025-ஆம் ஆண்டில் இயற்றிய புதிய வருமான வரிச் சட்டம் உரியது. அதிலும் கூட்டுறவுச் சங்கங்களுக்கான கழிவு இடம் பெற்றுள்ளது. பிரிவின் எண் மாறியதே தவிர, கழிவு தொடர்கிறது.

இச்சலுகையின் அருமையை ஒரு கணக்கினால் அறியலாம். ஒரு சங்கத்துக்கு ஆண்டு வருமானம் 6 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பழைய சட்டத்தின் சாதாரண விகிதப்படி முதல் 10,000 ரூபாய்க்கு நூற்றுக்குப் பத்து, அடுத்த 10,000 ரூபாய்க்கு நூற்றுக்கு இருபது, எஞ்சியதற்கு நூற்றுக்கு முப்பது என்று வரி ஏறும். மேல்வரியையும் சேர்த்தால் 1,84,080 ரூபாய் ஆகிறது. கழிவு கிட்டினால் இத்தொகை முழுவதும் சங்கத்திலேயே தங்கிக் காப்பு நிதியாகவும், பங்கு ஈவாகவும், நெசவாளர் போனஸாகவும் அங்கத்தினரிடம் திரும்பும். கிட்டாவிட்டால் போனது போனதுதான்.

கேரள மாநிலம் கண்ணூர் மாவட்டத்திலுள்ள மாவிலாயி சர்வீஸ் கூட்டுறவு வங்கி முதலிய சங்கங்களுக்கு இக்கழிவு மறுக்கப்பட்டது. அவை தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களாகப் பதிவானவை. ஆயினும் அவை வேளாண்மைக்குக் கொடுத்த கடன் சிறிதே. மற்றக் கடன்களே மிகுதி என்று வரி அதிகாரிகள் வாதித்தனர். உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் 2021 ஜனவரி 12 அன்று சங்கங்களின் பக்கம் தீர்ப்பளித்தனர். கூட்டுறவை ஊக்குவிக்கும் பொருட்டு இயற்றிய பிரிவைத் தாராளமாகவே பொருள் கொள்ள வேண்டும் என்றனர். அங்கத்தினர்களுக்குக் கடன் வசதி அளிக்கும் சங்கம் என்பதே சட்டத்தின் வாசகம். அக்கடன் வேளாண்மைக்காகவே இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்று வங்கித் தொழில் நடத்தும் கூட்டுறவு வங்கிகளுக்கே விலக்கு உண்டு. பெயரில் 'வங்கி' என்ற சொல் இருப்பதனால் மட்டும் சங்கம் வங்கியாகி விடாது. அங்கத்தினர் அல்லாதாருக்குக் கடன் கொடுத்திருந்தால் அந்தப் பகுதியின் லாபத்துக்குக் கழிவில்லை. அதற்காக முழுக் கழிவையும் பறித்தல் கூடாது.

இத்தீர்ப்பைக் கேட்டு மகிழ்பவர்கள், அதற்கு முன் 2017 ஆகஸ்ட் 8 அன்று வந்த மற்றொரு தீர்ப்பையும் உடன் வைத்துப் பார்த்தல் வேண்டும். ஹைதராபாத்திலுள்ள சிட்டிசன் கூட்டுறவுச் சங்கம், தன் துணை விதிகளில் 'பெயரளவு அங்கத்தினர்' என்றொரு வகுப்பை ஏற்படுத்திக்கொண்டது. வைப்புத் தொகைகளிற் பெரும் பகுதி அவர்களிடமிருந்தே வந்தது. அவர்களோ நல்ல வட்டி கிடைக்கும் என்று பணம் போட்டவர்களேயன்றி, சங்கத்தின் நடப்பில் பங்கு கொண்டவர்கள் அல்லர். அப்பணத்தில் ஒரு பகுதி பொதுமக்களுக்கு நகைக் கடன் முதலியனவாகச் சென்றது. அச்சங்கம் பதிவான ஆந்திரச் சட்டத்தில் அத்தகைய அங்கத்தினர் வகுப்புக்கு இடமில்லை. பதிவாளரின் அனுமதியும் இல்லை. பரஸ்பர உதவி என்னும் கூட்டுறவின் உயிர்நாடியே அங்கு இல்லை என்று கூறி, உச்ச நீதிமன்றம் கழிவை மறுத்துவிட்டது.

இரண்டு வழக்குகளிலும் பெயரளவு அங்கத்தினர் இருந்தனர். முடிவு மட்டும் ஏன் வேறுபட்டது என்று கேட்கலாம். கேரளச் சட்டம் அங்கத்தினர் என்ற சொல்லின் விளக்கத்திலேயே பெயரளவு அங்கத்தினரையும் அடக்கியிருக்கிறது. ஆந்திரச் சட்டம் அவ்வாறு அடக்கவில்லை. ஆகவே கேள்வி, எந்தச் சட்டத்தின் கீழ், எந்த முறைப்படி ஒருவர் அங்கத்தினரானார் என்பதே.

நம் மாநிலத்தின் நிலை என்ன? 1983-ஆம் ஆண்டுச் சட்டம் 'இணை அங்கத்தினர்' என்ற வகுப்பை ஏற்கிறது; அங்கத்தினர் என்ற சொல்லில் அவர்களையும் சேர்க்கிறது. அம்மாப்பேட்டைத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு வங்கியின் வழக்கில் 2018-ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் இதையே ஆதாரமாகக் கொண்டு, இணை அங்கத்தினருக்குக் கொடுத்த கடனின் வருமானத்துக்கும் கழிவு உண்டு என்று தீர்ப்பளித்தது. எனினும் இணை அங்கத்தினர் என்றால் விண்ணப்பம் வேண்டும், கட்டணம் வேண்டும், பதிவேட்டில் பெயரும் தேதியும் வேண்டும். நகைக் கடன் கேட்டு வருபவரின் பெயரைக் கடன் கொடுத்து மூன்று மாதம் சென்றபின் பதிவேட்டில் ஏற்றும் வழக்கம் சில இடங்களில் உண்டு. கடன் கொடுத்த தேதியில் அவர் யார் என்று ஓர் அதிகாரி கேட்டால் அச்சங்கம் என்ன விடை கூறும்?

நெய்தவர் யார்? விளைவித்தவர் யார்?

நெசவாளர் சங்கங்களுக்குக் கிட்டும் கழிவு குடிசைத் தொழில் என்ற இனத்தைச் சேர்ந்தது. இதற்கான இலக்கணத்தை மத்திய நேரடி வரிகள் வாரியம் 1995-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையில் வகுத்தளித்தது. தொழில் சிறிய அளவில் நடைபெற வேண்டும். அங்கத்தினரும் அவர்தம் குடும்பத்தாருமே வேலை செய்ய வேண்டும். கூலிக்கு வெளியாரை அமர்த்துதல் ஆகாது. வேலை அங்கத்தினரின் வீட்டிலும் நடக்கலாம், சங்கம் ஏற்படுத்திய பொதுக் கூடத்திலும் நடக்கலாம். உற்பத்தி இருக்க வேண்டும். சரக்கை வாங்கி விற்கும் வியாபாரம் இதில் அடங்காது.

நம் நெசவாளர் சங்கங்கள் நூலைக் கொடுத்து, சேலையும் வேட்டியும் பெற்றுக்கொண்டு, கூலி அளித்து, சரக்கை விற்கும் முறை இவ்விலக்கணத்துக்கு முற்றிலும் பொருந்துவதே. கணவன் நாடா ஓட்ட, மனைவி தார் சுற்ற, பெரியவர் பாவு புனைய, வீடே தொழிற்கூடமாக இருக்கும் நிலையைச் சட்டம் அங்கீகரித்திருக்கிறது. ஆனால் பண்டிகைக் காலத்தில் கிராக்கி மிகுந்தபோது வெளிச் சந்தையில் சரக்கு வாங்கிச் சங்கத்தின் முத்திரையிட்டு விற்பதும், தறியே இல்லாதவர் பெயரில் கூலி எழுதுவதும் இச்சலுகையின் வேரையே அரிப்பனவாகும். இவை ஒழுக்கக் கேடு என்று நாம் பன்முறை சொல்லி வந்திருக்கிறோம். இவற்றால் வரிச் சலுகையும் பறிபோகும் என்பதை இப்போது சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. நேர்மையாக நெய்யும் நூறு பேரின் போனஸ், ஒருவருடைய போலிக் கணக்கினால் வரியாகப் போவது எவ்வகையில் நியாயம்?

விவசாயிகளின் விற்பனைச் சங்கங்களுக்கும் இதே பாடம் உண்டு. சட்டத்தில் முன்பு 'அங்கத்தினர்களின் விளைபொருள்' என்றிருந்தது. அங்கத்தினருக்குச் சொந்தமான பொருள் எதுவானாலும் போதும் என்று 1998-இல் உச்ச நீதிமன்றம் அதற்குப் பொருள் கூறிற்று. அதே ஆண்டில் பாராளுமன்றம் வாசகத்தை 'அங்கத்தினர்கள் விளைவித்த பொருள்' என்று மாற்றிவிட்டது. வியாபாரியிடம் வாங்கிய மூட்டையை அங்கத்தினர் சங்கத்துக்குக் கொண்டு வந்தால் இக்கழிவு அதற்குச் செல்லாது. நிலமும் சாகுபடியும் ஏட்டில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது இதனாலேயே.

கருநாடக மாநிலம் சிர்சியிலுள்ள தோட்கார்ஸ் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தின் வழக்கு இன்னொரு படிப்பினை. அங்கத்தினரின் பொருளை விற்று வந்த பணத்தை உடனே பட்டுவாடா செய்யாமல், சிறிது காலம் வைப்பு நிதியில் இட்டு வட்டி ஈட்டியது அச்சங்கம். அவ்வட்டி சங்கத்தின் தொழிலில் விளைந்த வருமானம் ஆகாது, அதற்குக் கழிவில்லை என்று 2010-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் கூறியது. விளைவித்தவருக்குச் சேர வேண்டிய பணத்தை விரைவில் கொடுத்துவிடுதல் தருமமும் ஆகும், லாபமும் ஆகும். மிச்சப் பணத்தை மற்றொரு கூட்டுறவுச் சங்கத்தில் முதலிட்டுப் பெறும் வட்டிக்குச் சட்டம் தனியே கழிவு தந்திருப்பதையும் நினைவிற் கொள்ளலாம்.

காலம் தவறினால்

உரிமை முழுவதும் இருந்தும் காலம் தவறியதால் அதை இழக்க நேரும் என்பதற்குச் சான்றாக உள்ளது, வீரப்பம்பாளையம் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் முதலியவற்றின் வழக்கு. 2018-ஆம் ஆண்டு நிதிச் சட்டம், கெடு தேதிக்குள் வருமான அறிக்கை தாக்கல் செய்தாலன்றி இக்கழிவு கிட்டாது என்று விதித்தது. கெடு கடந்து அறிக்கை அளித்த நம் மாநிலச் சங்கங்களுக்குக் கழிவு மறுக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் அம்மறுப்பு சட்டப்படி சரியே என்று தீர்ப்பளித்தது.

இங்கு நம் கருத்தை வெளிப்படையாகவே கூறுகிறோம். சங்கங்களின் கணக்கைத் தணிக்கை செய்வது பெரும்பாலும் அரசாங்கத்தின் தணிக்கைத் துறையே. தணிக்கை முடியாமல் அறிக்கை அளிக்க இயலாது. தணிக்கை தாமதமானால் அதன் தண்டனை அங்கத்தினர் மேல் விழுவது பொருந்தாது. மத்திய நேரடி வரிகள் வாரியமும் இதை உணர்ந்து 2023 ஜூலையில் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. மாநிலச் சட்டப்படி நடக்க வேண்டிய தணிக்கை தாமதமானதால் காலம் தவறியிருந்தால், 2018-19 முதல் 2022-23 வரையிலான மதிப்பீட்டு ஆண்டுகளுக்குத் தாமதத்தை மன்னிக்குமாறு மனுச் செய்யலாம் என்பது அதன் சாரம். அது குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்கு அளித்த பரிகாரமே. என்றைக்கும் உள்ள சலுகை என்று எண்ணிவிடலாகாது. ஆதலின் மார்ச் 31-இல் கணக்கு முடிந்தவுடன் ஏப்ரல் மாதத்திலேயே ஐந்தொகைப் பட்டியலைத் தயாரித்துத் தணிக்கை அலுவலரை எழுத்து மூலம் அழைத்துவிட வேண்டும். அக்கடிதத்தின் நகலைக் கோப்பில் வைக்க வேண்டும். தாமதம் நம்முடையது அன்று என்று பின்னர் காட்டக்கூடியது அந்த நகலே.

அங்கத்தினர் கேட்டறியும் உரிமை

சங்கக் கணக்கைக் கேட்டறிய அங்கத்தினருக்கு உரிமை உண்டா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. கேரளத்துத் தலப்பலம் சர்வீஸ் கூட்டுறவு வங்கியின் வழக்கில் 2013 அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம் இதை ஆராய்ந்தது. பதிவாளரின் மேற்பார்வை இருப்பதனால் மட்டும் சங்கம் அரசாங்கத்தின் கட்டுப்பாட்டில் உள்ளதாகாது. அரசாங்கத்தின் கணிசமான நிதியில் நடந்தாலன்றித் தகவல் உரிமைச் சட்டம் சங்கத்தின் மேல் நேராகப் பாயாது என்று அது கூறியது. இதைக் கேட்டுச் சில நிர்வாகக் குழுவினர் நிம்மதிப் பெருமூச்சு விடலாம். ஆனால் தீர்ப்பு அத்துடன் முடியவில்லை. பதிவாளர் பொது அதிகாரி. சங்கத்திடமிருந்து சட்டப்படி அவர் பெறக்கூடிய தகவலை, விலக்குகளுக்கு உட்பட்டு, மனுதாரருக்கு அளிக்கக் கடமைப்பட்டவர். மற்றோர் அங்கத்தினரின் வைப்புத் தொகை போன்ற சொந்த விவரங்களை வெளியிடுதல் மட்டும் ஆகாது.

பதிவாளர் வழியாக ஒருவர் பெறப்போகும் கணக்கைப் பொதுக் கூட்டத்தில் நாமே படித்துக் காட்டிவிட்டால் சங்கத்துக்கு என்ன குறைந்துவிடும்? மறைக்க ஒன்றுமில்லாத சங்கத்துக்கு இத்தீர்ப்பால் அச்சமில்லை.

கடன் தள்ளுபடி வழக்கு

இறுதியாக, விவசாயிகள் பலரும் அறிந்த ஒரு வழக்கு. 2016-ஆம் ஆண்டு நம் மாநில அரசாங்கம், அவ்வாண்டு மார்ச் 31 அன்று கூட்டுறவு நிறுவனங்களுக்கு நிலுவையாயிருந்த பயிர்க் கடன் முதலியவற்றை ஐந்து ஏக்கர் வரையுள்ள சிறு, குறு விவசாயிகளுக்கு மட்டும் தள்ளுபடி செய்தது. 2017 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இச்சலுகையை எல்லா விவசாயிகளுக்கும் அளிக்க வேண்டும் என்றது. உச்ச நீதிமன்றம் 2021 நவம்பர் 23 அன்று அத்தீர்ப்பை மாற்றியது. வறட்சியும் வெள்ளமும் எல்லோரையும் தாக்கினாலும், முதல் இல்லாத சிறு விவசாயியையே மிகுதியாக நசுக்குகின்றன. இருக்கும் நிதியை மிக நலிந்தவருக்கு அளிப்பது சமத்துவத்துக்கு மாறானதன்று என்பது அதன் கருத்து. ஆறு ஏக்கர் புன்செய் வைத்துக்கொண்டு மழையை நம்பியிருப்பவருக்கு இது கசப்பாக இருக்கலாம். அவர் குறை உண்மையானதே. ஆயினும் எல்லை வகுக்கும் பொறுப்பு அரசாங்கத்தினுடையது என்று நீதிமன்றம் முடிவு செய்துவிட்டது. சில சலுகைகள் நிலத்தின் அளவைக் கொண்டே அளிக்கப்படும் என்ற நிலையில், பாகப்பிரிவினைக்குப் பின்னும் தந்தை பெயரிலேயே சிட்டாவை விட்டு வைத்திருப்பவர், தமக்கு உரியதைத் தாமே தள்ளி வைத்தவராவார்.

இனிச் செய்ய வேண்டுவன

மேற்கூறியவற்றிலிருந்து ஒவ்வொரு சங்கமும் இவ்வாண்டே செய்யத்தக்க சில பணிகளைக் குறிப்பிடுகிறோம். அங்கத்தினர் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து சரிபார்த்து, காலமானவர்களின் பங்கை வாரிசுகளுக்கு மாற்றுக; ஊரை விட்டுச் சென்றவர்களைப் பற்றித் துணை விதிப்படி முடிவு செய்க. கடன் கொடுப்பதற்கு முன்னரே விண்ணப்பமும் சேர்க்கைத் தீர்மானமும் முடிந்திருக்கட்டும். அங்கத்தினர் அல்லாதாருடன் நடந்த வரவு செலவு ஏதேனும் இருப்பின் அதற்குத் தனிப் பேரேடு வைக்குக. அப்போது கழிவு இழப்பது அந்த அளவோடு நிற்கும். தறிப் பதிவேட்டையும் கூலிப் பதிவேட்டையும் ஒத்துப் பார்க்குக. வருமான அறிக்கைக்கு அவ்வாண்டுக் கெடு எது என்று ஆடிட்டரிடம் கேட்டு அலுவலகச் சுவரில் எழுதி வைக்குக.

இவை எழுத்தரின் வேலை, நமக்கென்ன என்று அங்கத்தினர்கள் இருந்துவிடலாகாது. அடுத்த பொதுக் கூட்டத்துக்கு வரும்போது, பதிவேட்டில் தம் பெயரும் தகப்பனார் பெயரும் பங்குத் தொகையும் சரியாக இருக்கின்றனவா என்று ஒவ்வொருவரும் கேட்டுப் பார்க்க வேண்டுகிறோம். கேட்பதற்குக் கால் மணி நேரம் போதும்.